டிக்னா போட்ட கிரீஸ்

டிக்னாவின் வலது கை இடது கையைவிட ஒல்லி. பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் அதை மறைக்க முழுக்கைச் சட்டைதான் போடுவாள். பிறகு அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது.

கியூபாவில், மட்டான்சாஸ் பக்கம், எங்கள் சர்க்கரை ஆலையில் கரும்பு பிழியும் உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் இருபது டன். அந்த உருளையின் அச்சுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. உள்ளே கைவிட்டுத்தான் கிரீஸ் அப்ப வேண்டும். ஆண்கள் விட்டால் கை முழங்கையோடு நின்றுவிடும். டிக்னாவின் கை தோள்வரை போகும். இருபத்து நாலு வயதில், வாய்விட்டுக் கேட்டு, சண்டை போட்டு, அந்த வேலைக்குப் போனாள். "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டவர்கள், அரைப்புக் காலத்தில் அச்சு சூடேறிப் புகைந்தால் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். கிரீஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். அதைப் பட்டம்போல அவள் வைத்துக்கொண்டாள்.

கட்டியவன் நாலு வருஷம் பொறுத்தான். பிறகு, "படுக்கையெல்லாம் ஆலை நாத்தம்" என்று சொல்லிவிட்டுக் கார்டெனாஸ் ஊருக்கு ஒருத்தியோடு போனான். பிள்ளை இல்லை. டிக்னா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஷிஃப்டுக்குச் சரியான நேரத்துக்கு வந்தாள். அதை மட்டும் நான் பார்த்தேன்.

இருபத்தெட்டு வருஷம். சிறந்த தொழிலாளி என்று ஒரு தடவை மேடையேற்றி, ரஷ்யாவிலிருந்து வந்த மேசை மின்விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த விசிறியை அவள் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். வெயில் கொளுத்தினாலும் போட மாட்டாள்.

பிறகு ஆலையை மூடினார்கள். மூடும்போது, "எல்லா அச்சுக்கும் நல்லா கிரீஸ் அடிச்சு வை. மறுபடி ஓட்டுவோம்" என்று மேலாளர் சொன்னார். டிக்னா நாலு நாள் வேலை செய்தாள். ஒரு அச்சு விடவில்லை. மறுநாளே ஓடப்போகிற இயந்திரத்துக்குச் செய்வதுபோலச் செய்தாள். மூன்று மாதம் கழித்துத் தீக்குழாய் கொண்டுவந்து உருளைகளைத் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்கு ஏற்றினார்கள். அறுத்த இடத்தில் அவள் போட்ட கிரீஸ் எரிந்து, ஊரெல்லாம் கருகல் வாடை.

அந்த வாடை வந்த அன்று கட்டிலில் படுத்தவள் மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. வேலை போனவர்களையெல்லாம் வேறு தொழில் படிக்கட்டும் என்று சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். எழுந்த பிறகு ஒன்பது நாள் போனாள். பத்தாம் நாள், "நான் படிச்சது போதும்" என்று வந்துவிட்டாள். ஆலையிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. ஒரு பீப்பாய் கிரீஸ். பட்டப்பகலில் தெருவழியே உருட்டிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு மிச்சமிருந்த வேலை வீட்டுக் கார்தான்.

அது அவள் அப்பா வாங்கிய செவர்லே. ஐம்பத்தொன்றாம் வருஷத்து வண்டி. அதில் தம்பி எவேலியோ ஊருக்கும் மட்டான்சாஸுக்கும் ஆள் ஏற்றி ஓட்டினான். ஆறு பேர் உட்காரலாம், எட்டுப் பேர் போவார்கள். ஓட்டுவது அவன், பராமரிப்பது அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்தால், பன்னிரண்டு மணிக்கு அவரைக் குழம்பு வாசம் வந்த பிறகுதான் வெளியே வருவாள். எவேலியோ அதுவரை பக்கத்தில் குந்திக்கொண்டு, கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுப்பான். அம்பது வயது ஆம்பிளை, அக்கா சொல்லாமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டான்.

அந்த வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸில்தான் வினை. சக்கரத்தைத் திருப்புகிற தண்டின் அடிமுனையில், தேங்காய் அளவு இரும்புப் பெட்டி. அதற்குள் திருகுபோல மரை வெட்டிய தண்டு ஒன்று பல் சக்கரத்தைத் தள்ளும். இரண்டும் கெட்டியான கியர் ஆயிலில் முங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் ஆயிலை வெளியே விடாமல் அடைக்கிற சீல் தேய்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. புது சீலுக்கு எங்கே போவது? சொட்டுச் சொட்டாக ஒழுகும். டிக்னா அடியில் ஒரு பால் டின்னை வைத்து, ஒழுகியதைப் பிடித்து, துணியில் வடிகட்டித் திரும்ப மேலே ஊற்றுவாள். டிராக்டர் கூடத்திலிருந்து மாதம் அரை லிட்டர் வந்துகொண்டிருந்தது. ஆலை போனதும் டிராக்டர் கூடமும் போயிற்று. ஆயில் நின்றது.

ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம் வந்துவிட்டது. இப்படித் திருப்பினால் அப்படி யோசித்துத்தான் வண்டி திரும்பும். மூன்று வாரத்தில் வருஷப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் ஆள் ஏற்ற அனுமதி கிடையாது.

எவேலியோவின் மனைவி நெரெய்டா நல்லவள்தான், ஆனால் சுத்தக்காரி. முற்றத்தில் எண்ணெய்க் கறை கண்டால் அவளுக்கு ஆகாது.

"மதினி, நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. எர்மீனியோகிட்ட வண்டிய விட்ருவோமே. ரஷ்யா கார் ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்னு வெச்சிருக்கானாம். மாட்டிட்டா ஒழுகவே ஒழுகாதாம்."

"அப்புறம் நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு எதுக்கு மதினி இந்த வயசுல இந்த அழுக்கு? குளிச்சுப் பவுடர் போட்டு நாற்காலில ஆடிக்கிட்டு உக்காருங்க."

டிக்னாவைச் செத்துப்போ என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு குத்தியிருக்காது. நேரே பின்கட்டுக்குப் போய்ப் பீப்பாய் மூடியைத் திறந்தாள். கறுப்பாக, பளபளவென்று, விரலில் எடுத்தால் நூல் நூலாக வருகிற ஆலைக் கிரீஸ். எடுத்து முகர்ந்து பார்த்தாள். முடிவு பண்ணிவிட்டாள்.

எர்மீனியோ எங்கள் தெரு மெக்கானிக். அவள் வயதுக்காரன். மாமரத்தடியில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தவன், கிரீஸ் அடிக்கும் கன்னோடு அந்த வழியே வந்த டிக்னாவிடம் விஷயம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினான்.

"பெட்டிக்குள்ள கிரீஸ் போடாத டிக்னா. அது எண்ணெய் குடிக்கிற சாமான்."

"குடிச்சுட்டுத் தரையில ஒழுக்குது. உங்கள மாதிரித்தான்."

"ஒழுகட்டுமே. ஒழுகுதுன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம்."

"இருபது டன் உருளையத் தாங்குன கிரீஸ்யா இது! ஒரு தேங்கா அளவு பெட்டிக்கு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"உன் உருளை அச்சு கொதிக்கக் கொதிக்க ஓடும். சூட்டுல கிரீஸ் இளகித் தானா திரும்பி வரும். இந்தப் பெட்டி சூடே ஆகாது. தண்டு ஒரு சுத்து சுத்துனா கிரீஸ் ஓரமா ஒதுங்கும். ஒதுங்குனது திரும்பி வராது."

"என் புருஷன்கூடத்தான் ஒதுங்குனான், திரும்பி வரல. நான் என்ன, ஓடாமயா நின்னுட்டேன்?"

மாமரத்தடியே சிரித்தது. எர்மீனியோவும் சிரித்துவிட்டான். சிரித்தபின் என்ன பேசி என்ன. டிக்னா கிரீஸ் கன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, மிச்சமிருந்த எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டு அலசி, ஆலைக் கிரீஸைத் திணித்தாள். கன் போகாத இடத்துக்குக் குச்சியால் தள்ளினாள். எவேலியோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எர்மீனியோ என்னமோ சொன்னானாமே அக்கா?"

"அவன் சொன்னான். உனக்கு அவன் அக்காவா, நான் அக்காவா?"

"சும்மா கேட்டேன். போடு."

பரிசோதனை நாளன்று ஸ்டியரிங் இறுக்கமாக நின்றது. கெட்டிக் கிரீஸ் பல்லிடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது, ஆட்டம் தெரியவில்லை. பரிசோதகர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுப் பெட்டியா?" என்று கேட்டாராம். "இல்லீங்க, எங்க அக்கா" என்றானாம் எவேலியோ. ஊர் எல்லையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். டிக்னா தெருவில் நின்று, இடுப்பில் கைவைத்து, மாமரத்தடியைப் பார்த்து, "யாரோ பாடம் எடுத்தாங்களே, எங்க அந்த வாத்தியாரு?" என்றாள்.

முற்றம் காய்ந்து சுத்தமாகிவிட்டது. பால் டின் இருந்த இடத்தில் நெரெய்டா பூந்தொட்டி வைத்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது அவளுக்கு இரண்டாவது வாழ்வு. பார்பரோ தன் ஃபோர்டைக் கொண்டுவந்தான். "எனக்கும் அந்த மருந்து போடு கிரீஸ்காரி." அவனைப் பார்த்து இன்னொருவன். விதவை கரிதாத், செத்துப்போன புருஷனுடைய பிளிமத்தைத் தன் மகனை ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏழு வண்டி. கிழங்கு கொடுத்தார்கள், அரைப் பாட்டில் ரம் கொடுத்தார்கள். கரிதாத் ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்துப் பால் புட்டு செய்து தட்டோடு கொடுத்தாள். டிக்னா கறுத்த கையை வாழைச்சருகில் துடைத்துக்கொண்டு, "சக்கர கம்மி" என்று குறை சொல்லி முழுத்தட்டையும் சாப்பிட்டாள். நிமிர்ந்து நடந்தாள். பழையபடி சத்தமாகப் பேசினாள். எர்மீனியோ மட்டும் டாமினோ காயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் வடகாற்று வந்தது. எங்களுக்கு அதுதான் குளிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எவேலியோ சொன்னான்: "காலைல கொஞ்சம் கனக்குது அக்கா. திருப்புனா, திரும்பி வர மாட்டேங்குது."

"குளிருக்கு இறுகியிருக்கும். இன்னும் கொஞ்சம் போடுறேன்."

மூடியைத் திறந்தாள். வாய்வரை நிறைந்திருந்தது. போட்டது போட்டபடி இருந்தது. "பாரு, ஒரு சொட்டு எங்கேயும் போகல" என்று காட்டினாள். விரலால் ஒரு உருண்டை எடுத்து மேலே இன்னும் அழுத்திவிட்டு மூடினாள்.

பிப்ரவரி முதல் வாரம், மட்டான்சாஸ் சாலையில், பாலத்துக்கு முந்தின வளைவில், எவேலியோ திருப்பிய ஸ்டியரிங் திரும்பியபடியே சிக்கிக்கொண்டது. நேராக்கப் பார்த்தான், அசையவில்லை. வண்டி வளைந்துகொண்டே போய் வடிகால் பள்ளத்தில் இறங்கியது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. ஒருத்தியின் கோழி கூடையைவிட்டு ஓடிப்போனது. எவேலியோவுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் கேட்ட எல்லாரிடமும் அவன் சொன்னது ஒன்றுதான்: "கண்ணு அசந்துட்டேன். அதான் திருப்பல."

டிக்னாவிடமும் அதையே சொன்னான். முப்பது வருஷமாக வண்டியில் ஒரு தடவை கண் அசராதவன். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

வண்டியை எர்மீனியோவின் முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். "நான்தான் தொறப்பேன்" என்றாள் டிக்னா. எர்மீனியோ ஸ்பானரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

பெட்டியைத் தண்டோடு கழற்றிப் பலகையில் வைத்துப் பிரித்தாள். கிரீஸ் அத்தனையும் இருந்தது. சுவரை ஒட்டி, குளவிக்கூடு மாதிரி, வழுவழுவென்று, அவள் போட்ட நாள் நிறம் மாறாமல். நடுவில் மட்டும் ஒரு குகை. அந்தக் குகைக்குள் மரைத்தண்டு காய்ந்து கிடந்தது. செங்கல் பொடி மாதிரி துரு. பற்கள் ஒருபக்கம் கத்திபோலத் தேய்ந்து, ஒன்று ஒடிந்து குறுக்கே சிக்கியிருந்தது. சுற்றிலும் அவ்வளவு கிரீஸ், தண்டில் ஒரு மயிரளவு இல்லை.

டிக்னா தன் ஒல்லிக் கையின் விரலை அந்தக் குகைக்குள் விட்டாள். கிரீஸ் படாமல் போய்க் கிரீஸ் படாமலே வெளியே வந்தது. விரலில் துரு மட்டும்.

"ஏழு வண்டி இருக்கு" என்றாள்.

வீட்டுக்குப் போய் மேசை மின்விசிறியின் துணியை எடுத்தாள். விசிறியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் வரை நடந்து, லாரிக்காரன் ஒருவனிடம் கொடுத்து இரண்டு லிட்டர் கியர் ஆயில் மாற்றி வந்தாள். ஒரு கையில் ஆயில், ஒரு கையில் மண்ணெண்ணெய்த் தகரம். முதலில் பார்பரோ வீடு.

"உன் வண்டியத் தொறக்கணும். நான் போட்டது தப்பு. எர்மீனியோ சொன்னதுதான் சரி."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை. பார்பரோ தலையைச் சொறிந்தான்.

"எதுக்கு இப்ப... வெயில்ல வந்திருக்க. காப்பி குடி."

"காப்பி கெடக்கட்டும். மூடியத் தொற."

"அது நல்லாத்தான் ஓடுது, கிரீஸ்காரி."

அவள் குனிந்தாள். ஃபோர்டுக்கு அடியில், தரையில், கறுப்பாக ஈரவட்டம். அதன்மேல் ஒரு தகர டப்பா. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

டிக்னா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்ப மாத்துன?"

பார்பரோ வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னாள்: "நீ போட்டதுக்கு மறுநாளே. எர்மீனியோ எடுத்துட்டு எண்ணெய் ஊத்திட்டான். அவன்தான் எங்கேயோ தேடிக் கொண்டாந்தான். நீ மனசு நோகக்கூடாதுன்னு..."

"யாரு யாரு?"

"எல்லாருந்தான் டிக்னா."

அவள் நம்பவில்லை. ஏழு வீட்டுக்கும் போனாள். ஏழு வண்டிக்கு அடியிலும் குனிந்தாள். ஏழும் ஒழுகியது. கடைசியில் கரிதாத் வீடு.

"அப்ப அந்தப் பால் புட்டு?"

கரிதாத்துக்கு அழுகை வந்துவிட்டது. "ஆல போனப்ப நீ மூணு மாசம் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தியே. மறுபடி எந்திரிச்சு நடக்கிறதப் பாத்ததும்... ஒரு பெட்டிக் கிரீஸ்ல என்ன போச்சுன்னு நெனச்சோம்."

"தின்னேனே" என்றாள் டிக்னா. "சக்கர கம்மின்னு சொல்லிக்கிட்டே முழுசும் தின்னேனே."

எர்மீனியோ மாமரத்தடியில் தனியாக இருந்தான். அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள். ஆயிலை மேசைமேல் வைத்தாள்.

"ஏழு பேர் வண்டியத் தொறந்தல்ல? எவேலியோவுது மட்டும் ஏன் தொறக்கல?"

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ஜனவரிலகூடக் கேட்டேன். 'டேய், கனக்குதுன்னு நீயே சொல்ற. அவளுக்குத் தெரியாம பத்து நிமிஷத்துல மாத்தித் தர்றேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

எர்மீனியோ ஒரு காயை எடுத்து, புள்ளிகளைத் தடவிக்கொண்டே சொன்னான்: "'அது எங்க அக்கா கை வெச்சது. மத்தவங்க மாதிரி அவளுக்குத் தெரியாம நானும் தொறந்தா, அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா'ன்னான்."

டிக்னாவுக்குக் கோபம் வந்தது. "நீங்கள்லாம் சேர்ந்து என்னைக் கொஞ்சினதுக்கு, மூஞ்சில அறைஞ்சு சொல்லியிருந்தா என் தம்பி நடந்துக்கிட்டிருப்பான்யா."

"சொன்னேன் டிக்னா. மொத நாளே சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

டிக்னா எழுந்து போனாள். ஆயிலை எடுத்துக்கொள்ளவில்லை.

செவர்லேவுக்கு இப்போது ரஷ்யா காரின் ஸ்டியரிங் பாக்ஸ். அதற்குள் அந்த இரண்டு லிட்டரிலிருந்து ஊற்றியதுதான். நெரெய்டாவின் தம்பி ஓட்டுகிறான், எர்மீனியோ பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கடியில் பாய் விரிப்பதில்லை. டிக்னா குளித்து, பவுடர் போட்டு, ஆடும் நாற்காலியில் உட்கார்கிறாள். முழுக்கைச் சட்டை.

எவேலியோவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பழசு. வலது சக்கரம் கீச்சிடும். காலையில் அவன் முற்றத்துக்கு வருவது தெருமுனை வரை கேட்கும். நெரெய்டா சமையலெண்ணெய் இரண்டு சொட்டு விடுவாள். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி கத்தும். அது எதனால் என்று டிக்னாவுக்குத் தெரியும். மெதுவாகச் சுழல்கிற அச்சு, மேலே பாரம். அதற்கு ஆலைக் கிரீஸ் ஒரு விரல் போதும், வருஷம் தாங்கும். பீப்பாய் பின்கட்டில்தான் இருக்கிறது. மூடியின்மேல் நெரெய்டா ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

முன்பெல்லாம் ஒரு கதவு முனகினால்கூட, "அக்கா, இதுக்கு எதையாவது போடேன்" என்பான். இப்போது கீச்சுக் கீச்சென்று அவள் நாற்காலியைத் தாண்டிப் போகிறான். போகும்போது, "காப்பி குடிச்சியா அக்கா?" என்று கேட்கிறான்.

"குடிச்சேன்" என்கிறாள்.

அவன் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அவளும் போடட்டுமா என்று கேட்கவில்லை. சக்கரம் கத்திக்கொண்டே போகிறது.